பைன் எண்ணெய்ச் சண்டைக்குக் கும்மிடிப்பூண்டி வரை

செவ்வாய்க்கிழமை, காலை 8.35. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் நாற்பத்தாறு கிலோமீட்டர் சொச்சம். ஊர் பார்க்கப் பயணம் போகிறவர்கள் உண்டு, உறவு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நான் சண்டை போடப் போனேன். முந்தின நாள் சாயங்காலம் கொடைக்கானலில் பஸ் ஏறியதிலிருந்து என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கைப்பையில் நூறு மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்று, துணியில் சுற்றி, சாட்சியாக இருந்தது.

கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் எண்ணெய்க் கடை இருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெய், பைன் எண்ணெய், கொஞ்சம் சாக்லேட். பைன் காட்டில் படம் எடுத்துவிட்டு வருகிறவர்கள், அந்தக் காட்டு எண்ணெய்தான் இது என்று நினைத்து வாங்குவார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் எங்கள் மலையில் நிற்பது வேறு ஜாதிப் பைன். எண்ணெய் கொடுக்கும் பைன் இமயமலைச் சரிவில் வளர்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் அதன் கட்டையைச் சரள தேவதாரு என்பார்கள், எண்ணெயைக் கற்பூரத் தைலம் என்பார்கள். அந்த எண்ணெய் எனக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து இருபது லிட்டர் கேனில் வருகிறது. மலை எண்ணெய் கடலோரச் சமவெளியிலிருந்து மலைக்கு வருகிறது என்று எந்தச் சுற்றுலாப் பயணியிடம் சொல்ல முடியும்?

சண்டைக்குக் காரணம் புஷ்பம். காரட் தோட்டத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் இடுப்பு வலி. ஆறு வருடமாக என் கடையில் பைன் எண்ணெய் வாங்கி, நல்லெண்ணெயில் கலந்து தேய்த்துக்கொள்வாள். போன மாதம் அவள் முதுகு சிவந்து, தடித்து, கொப்புளம் கொப்புளமாக வந்துவிட்டது. "மொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி எரியுதும்மா" என்று கடை வாசலில் நின்று அழுதாள். ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, அந்த எண்ணெயைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றே விற்பனையை நிறுத்தினேன். கோபம் தாங்காமல், அதே கேன் எண்ணெயை வாங்கும் பக்கத்துக் கடைகள் மூன்றுக்கும் போய், "கும்மிடிப்பூண்டிக்காரி கலப்படம் பண்றா" என்று சொல்லிவிட்டேன். மூவரும் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஆத்திரம் அடங்காமல்தான் ரயில் ஏறினேன்.

எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டின் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. பொன்னேரியில் இரண்டு பக்கமும் நெல் வயல், நாற்று நட்டுப் பத்து நாள் இருக்கும். காய்கறி மூட்டைகளோடு இறங்கினவர்கள் இறங்க, சீருடையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். கவரைப்பேட்டைக்கு அடுத்தது கும்மிடிப்பூண்டி. இறங்கும்போது மணி 10.10.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. தொழிற்பேட்டைக்கு இருபது ரூபாய்.

"எந்தக் கம்பெனிம்மா?" என்றார் ஓட்டுநர்.

"பைன் எண்ணெய் காய்ச்சுற சின்ன ஷெட்டு."

"மெர்சிக்கா ஷெட்டா? குந்துங்க. கண்ண மூடிக்கினா மூக்கே இட்டுக்கினு பூடும்."

அவர் சொன்னது நிஜம். இரும்பு உருக்கும் ஆலைகளின் தூசியும் லாரிப் புகையும் தொண்டையில் கரித்துக்கொண்டிருக்க, ஒரு திருப்பத்தில் சட்டென்று மழை விட்ட பைன் காட்டு வாசனை அடித்தது. சண்டைக்கு வந்த இடத்தில் சொந்த ஊர் வாசனை வருவது பெரிய தொல்லை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள மறுபடியும் முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

காலை 10.40. தகரக் கூரை ஷெட். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு கொதிகலன், குழாய்கள், வரிசையாகத் தட்டுகள். மெர்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். போனில் மட்டுமே பேசிப் பழக்கம், முகம் பார்ப்பது முதல் தடவை. அப்பா அம்மா நெல் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவள் ஒரு பைன் ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, பதினான்கு வருடத்துக்குப் பின் கடன் வாங்கிச் சொந்தமாக இந்த ஷெட்டைப் போட்டவள். கூட இருக்கும் ஒரே ஆள் டில்லிபாபு. கொதிகலன் அவர் பொறுப்பு.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். புஷ்பத்தின் முதுகைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். "இதுல என்னத்தக் கலந்த?" என்றேன்.

மெர்சி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஐயோ பாவம்" என்றாள் முதலில். பிறகு நிமிர்ந்து, "எண்ணெ நான் காச்சனதுதான். ஆனா கலப்படம்னு சொல்லாதீங்கக்கா. மலையில நாலு கடதான் எனக்கு மெயின். மூணு பேர் வேணான்னு சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லிட்டா இந்த மாசத்தோட ஷெட்ட இழுத்து மூட வேண்டியதுதான். தப்பு எம்மேல இருந்தா நானே மூடிட்றேன். இல்லன்னா?" என்றாள்.

"இல்லன்னா நானே மூணு கடைக்கும் சொல்றேன்" என்றேன். பேச்சுக்குச் சொன்னேன். அப்படி ஒரு நிலைமை வரும் என்று நினைக்கவே இல்லை.

மெர்சி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது. ஒரு சொட்டை விரலில் தொட்டு விரித்துப் பார்த்து, டில்லிபாபுவிடம் நீட்டினாள். அவரும் முகர்ந்துவிட்டு, "இன்னாக்கா இது, வார்னிஷ் மாரி ஒட்டிக்கினு கீது" என்றார்.

"இத எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் மெர்சி.

இதில் எனக்குப் பெருமைதான். கடை முகப்பில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் ஊற்றி, வெயில் படும்படி வைத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் தங்கம் போல மின்னும், அதைப் பார்த்தே பாதிப் பேர் உள்ளே வருவார்கள். இரண்டு வருட எண்ணெய், ஜாடியில் பாதிதான் மிச்சம். பழைய நெய், பழைய புளி, பழைய லேகியம் எல்லாவற்றுக்கும் மருந்துக் கடையில் மதிப்பு அதிகம் இல்லையா? அதனால் ஜாடியில் இருப்பதை எல்லோருக்கும் கொடுக்க மாட்டேன். வேண்டியவர்களுக்கு மட்டும். புஷ்பத்துக்கு இடுப்பு வலி அதிகமானபோது இந்த வீரியமான எண்ணெயைத்தான் காசு வாங்காமல் ஊற்றிக் கொடுத்தேன். இதையெல்லாம் விரிவாகச் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டில்லிபாபு மெதுவாக, "ரெண்டு வருசம், வெயில்ல, பாதி ஜாடியில" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டார்.

மெர்சி அலமாரியிலிருந்து கழுத்து வரை நிரம்பிய ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தாள். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு பாட்டில் எடுத்து இருட்டில் வைத்துவிடுவாளாம். இரண்டு வருடத்துக்கு முன் என் கேனில் வந்ததோடு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் அது. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஏதோ உப்புக் கரைசலும் கொஞ்சம் கஞ்சித் தண்ணீரும் ஊற்றி, ஒன்றில் அவள் எண்ணெய், மற்றதில் என் எண்ணெய். குலுக்கினாள். அவளுடையது அப்படியே இருந்தது. என்னுடையது கண் முன்னால் கருநீலமாகிவிட்டது.

"இதுல ஆல்ஃபா பைனீன்னு ஒண்ணு கீது, கேரீன்னு ஒண்ணு கீது. வலிக்கு சூடு குடுக்கறதும் இதுங்கதான், மூக்கடைப்புக்கு வழி விடறதும் இதுங்கதான். ஆனா காத்து பட்டா ரெண்டும் காத்த குடிக்கும். கேரீன் ரொம்பவே குடிக்கும். குடிச்சுக் குடிச்சு வேற ஒண்ணா மாறிடும். அதான் தோல கடிக்கும். அதத்தான் நீலம் காட்டுது" என்றாள் மெர்சி.

நான் அவ்வளவு சுலபமாகத் தோற்கிறவள் இல்லை. "தண்ணி நீலமானா எனக்கென்ன? புஷ்பம் முதுகு என்ன கண்ணாடிக் குழாயா?" என்றேன்.

மெர்சி என் விரல்களையே பார்த்தாள். நுனியெல்லாம் சிவந்து வெடித்திருந்தன. துணி சோப்பால் வந்தது என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். "டெய்லி அந்த ஜாடிய தொட்றது நீங்கதான? அப்ப உங்க கையே சொல்லட்டும். இடது கையில உங்க எண்ணெ, வலது கையில என்னுது. நாப்பத்தெட்டு மணி நேரம். நனையக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். இரண்டையும் நல்லெண்ணெயில் சம அளவு கலந்து, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒவ்வொரு சொட்டு. நான் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தபோது மெர்சி பிடுங்கிவிட்டாள். அந்தப் பசையிலேயே பைன் பிசின் கலந்திருக்குமாம், சில பேருக்கு அதுவே அரிக்குமாம். வெள்ளைத் துணி வைத்துக் கட்டினாள்.

"கட்டை நீ ராத்திரியில மாத்த மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்றேன்.

"நீங்க லாட்ஜுல போய் கைய கழுவ மாட்டீங்கன்னு இன்னா கேரண்டி?" என்றாள்.

கடைசியில் இரண்டு கட்டுகளின் முடிச்சின் மேலும் இருவரும் பால்பாயிண்ட் பேனாவால் கையெழுத்துப் போட்டோம். வியாழக்கிழமை பதினொன்றரை மணி வரை ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் விலகுவதில்லை என்று ஒப்பந்தம். எதிரி வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிய பயணம் எனக்கு இது ஒன்றுதான்.

புதன்கிழமை, காலை 7.30. மெர்சியின் வீட்டில் நாஷ்டா. இட்லிக்கு வடகறி. கை நனையக் கூடாது என்பதால் ஸ்பூன் கொடுத்தாள். அவள் கணவர் அத்திப்பட்டில் மின் நிலைய வேலை. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் என் இரண்டு கைக்கட்டையும் பார்த்து, "ஆக்சிடண்டா?" என்றார். "இல்ல, கேஸு" என்றாள் மெர்சி. அவர் மேற்கொண்டு கேட்காமல் தூங்கப் போய்விட்டார்.

காலை 9.15. எளாவூர். மெர்சியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடி இங்கே இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை லாரிகள் நின்றன. பக்கத்துப் பெரிய தொழிற்சாலைக்கு வரும் பைன் பிசின் லோடில் இருபது டின் மெர்சியுடையது. வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் அவளே வருவாளாம். லாரியைக் கண்டுபிடித்தோம். ஓட்டுநர் தீவான் சிங், உத்தரகண்ட் மலைக்காரர். ஆறு நாள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். டீ ஒன்று பன்னிரண்டு ரூபாய், மூவருக்கும் நான் வாங்கினேன்.

அவர் இந்தியில் பேச, மெர்சி தமிழாக்கிச் சொன்னாள். மரத்தின் பட்டையைக் கீறி அடியில் கிண்ணம் கட்டினால் பிசின் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவர் ஊரில் அதற்கு லீசா என்று பெயர். பனிக்காலத்தில் குதிகால் வெடித்தால் லீசாவை நெய்யில் உருக்கித் தடவுவார்கள். சீழ் கட்டி உடைய அதையே சூடாகத் துணியில் தடவி ஒட்டுவார்கள். நெஞ்சுச் சளிக்கு மரச் சிராய்களைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பார்கள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றித் தன் குதிகாலைக் காட்டினார். பூசிய பிசின் படலமாகப் பளபளத்தது. நானும் கடைக்காரி அல்லவா, குனிந்து முகர்ந்தே பார்த்துவிட்டேன்.

"எண்ணெயை எத்தனை வருஷம் வைப்பீங்கன்னு கேளு" என்றேன் மெர்சியிடம். பழைய எண்ணெய்க்கு மலைக்காரர் ஒருவராவது சாட்சி சொல்வார் என்ற ஆசை.

தீவான் சிங் சிரித்தார். "வெக்கறதா? வேணும்ங்கறப்ப புதுசா எடுப்போம், மரம் எங்க ஓடிடப் போவுதுன்னு கேக்கறாரு" என்றாள் மெர்சி. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இடது கையில் கட்டுக்குள் காலையிலிருந்தே ஏதோ ஊர்வது போல் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பகல் 12. இருபது டின்னும் ஷெட்டுக்கு வந்துவிட்டன. டில்லிபாபு காய்ச்ச ஆரம்பித்தார். பார்க்க வேண்டிய காட்சி. தேன் நிறப் பிசினை உருக்கி, ஊசி இலையையும் பட்டையையும் வடிகட்டி, கொதிகலனில் ஏற்றி நீராவி விடுகிறார்கள். எண்ணெய் ஆவியோடு மேலே ஏறி, குளிர்ந்த குழாய் வழியாகத் தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிறது. கீழே தண்ணீர், மேலே எண்ணெய், ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக. அடியில் தங்குவதைத் தட்டில் ஊற்றினால் ஆறிக் கண்ணாடி போல உறைகிறது. அதுதான் ரோசின். ஈயம் பற்றவைக்கிறவர்களும் வயலின் வாசிக்கிறவர்களும் வாங்குவது அதுவே.

"கோயில்ல கொளுத்தற சூடம்கூட முக்காவாசி இந்த எண்ணெயிலருந்துதான் யக்கா செய்றாங்கோ" என்றார் டில்லிபாபு. நான் நம்பவில்லை. "பைனீன மாத்தி மாத்தி சூடம் ஆக்கிடுவாங்க. நான் வேல செஞ்ச எடத்துல டெய்லி டன் கணக்குல போச்சு. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்க சாமிக்குச் சூடம் செஞ்சது எங்க கைதான்" என்றாள் மெர்சி. அவள் முகத்தில் அப்போது வந்த மிடுக்கை ரசித்தேன். எதிரி என்பது கொஞ்ச நேரம் மறந்து போயிற்று.

சாயங்காலத்துக்குள் இடது கையில் அரிப்பு தெளிவாகிவிட்டது. வலது கையில் ஒன்றுமில்லை. சாப்பிடும்போது மெர்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டை அவிழ்க்கும் வரை எதுவும் பேசுவதில்லை என்று இருவருமே பிடிவாதமாக இருந்தோம். ஆனால் எனக்குள் விஷயம் முடிந்துவிட்டது. புஷ்பத்துக்குப் பிரியமாக எடுத்துவைத்துக் கொடுத்ததுதான் அவள் முதுகை வேகவைத்தது என்பதை நினைக்க நினைக்க வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை, காலை 11.30. ஷெட். கையெழுத்துகள் கலையாமல் இருக்கின்றனவா என்று இருவரும் சரிபார்த்தோம். டில்லிபாபு கொதிகலனை அணைத்துவிட்டு வந்தார். பக்கத்து ஷெட்டிலிருந்து வெல்டர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். செய்தி பரவியிருக்க வேண்டும்.

இடது கைக் கட்டை முதலில் அவிழ்த்தாள். ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து தடித்து, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். புஷ்பத்தின் முதுகேதான். வலது கை. துணி விலகியது. என் கை என் கையாகவே இருந்தது, ஒரு புள்ளி இல்லை.

டில்லிபாபு விசிலடித்தார். வெல்டர்கள் கைதட்டினார்கள். ஒருவர், "ரைட் கைக்குப் போட்றா மாலைய!" என்று கத்தினார். மெர்சி மட்டும் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஷெட்டு மூட வேணாம்" என்று மெல்லச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். எண்ணெய் நல்ல எண்ணெய். மெர்சி நல்லவள். கெட்டது என் ஜாடி மட்டும்.

அங்கேயே போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மூன்று கடைக்கும் பேசினேன். "கலப்படம்னு சொன்னது தப்பு. நான்தான் எண்ணெயை வெயில்ல வெச்சுக் கெடுத்தேன்" என்று மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை நாக்குத் தடுமாறியது, மூன்றாவது தடவை கொஞ்சம் வசனம் போலவே வந்துவிட்டது. இரண்டு கடைக்காரர்கள் அப்போதே ஆர்டர் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் என்னை நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு கொடுத்தார். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு விசில்.

"இனிமே சின்ன பாட்டிலு, பிரவுன் கலரு, வாய் வரைக்கும் ரொப்பி அனுப்பறேன். தொறந்த தேதிய மேல எழுதுங்க. அந்தம்மாவுக்கு புண்ணு நல்லா ஆறி, டாக்டர் சரின்னா மட்டும், மொதல்ல ஒரு சொட்டு கையில வெச்சுப் பாருங்க. கடிபட்ட தோலுக்கு நல்லதுகூட ஒத்துக்காம போவும்" என்றாள் மெர்சி. எழுதி வாங்கிக்கொண்டேன்.

பகல் 2.20. திரும்பும் ரயில். கொடைக்கானலில் எங்களுக்குப் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் நின்று படம் எடுக்கிறோம், எடுத்துக் கொடுத்துக் காசும் வாங்குகிறோம். கும்மிடிப்பூண்டியில் நான் தேடியவரை ஒரு பைன் மரம்கூட இல்லை. ஆனால் அந்த மரத்துக்குள் என்ன இருக்கிறது, அது எதைக் கண்டால் மாறும், எப்போது மருந்து, எப்போது நெருப்பு என்பது ஒரு தகர ஷெட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. மலைக்காரி என்ற கர்வத்தில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் ஜாடியை முகப்பிலிருந்து எடுத்தேன். எடுத்த கையோடு புஷ்பம் வீட்டுக்குப் போய், இடது கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்து, "ஒரு ரூவா அளவுக்கே இப்படி வலிச்சுதா உங்களுக்கு? எனக்கு முதுகு பூரா இருந்துச்சும்மா" என்றாள்.

ஒரு மாதம் கழித்து, புண் ஆறி, ஆஸ்பத்திரியிலும் கேட்டுவிட்டு, புது எண்ணெயில் ஒரு சொட்டைத் தன் கையில் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். சுத்தமாக இருந்தது.

"குடுங்கம்மா ஒரு பாட்டிலு" என்றாள். "இந்தத் தடவ காச வாங்கிக்கிட்டே குடுங்க. எனக்கு அதான் பயமில்லாம இருக்கு."

வாங்கிக்கொண்டேன்.